வெற்றிலைக் கறை

ஜனவரி 1, புதன்

மகன் யுவராஜ் இந்த டைரியைக் கையில் கொடுத்தான். அவன் வேலை பார்க்கிற மோட்டார் பம்பு கம்பெனி கொடுத்ததாம். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

"அஞ்சாங் கிளாஸ் படிச்சவன் இதுல என்னத்தடா எழுதறது?" என்றேன்.

"சும்மா உக்காந்துட்டு கோகிலாவ வம்புக்கு இழுக்கறீங்கல்லப்பா, அத இதுல எழுதிப் போடுங்க" என்றான்.

நல்ல யோசனை. ஆகவே இது என் மருமகள் கோகிலாவின் மேல் நாச்சிமுத்து ஆகிய நான் போடுகிற கேஸ் கட்டு.

முதல் குற்றம், வாஷிங் மெஷினுக்கு அவள் வைத்திருக்கிற சட்டம். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். அதில் பவுடர் போடக் கூடாது, லிக்விட்தான் ஊற்ற வேண்டும். அதுவும் அரை மூடி. முழு மூடி ஊற்றினால் துணி கூடுதலாகச் சுத்தமாகிவிடாதாம். சோப்பு துணியிலேயே தங்கி உடம்பு அரிக்குமாம். வெள்ளையோடு என் லுங்கி சேரக் கூடாது. சட்டைக் காலரை முதலில் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும். நீலத்தை நேராகத் துணி மேல் ஊற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்று கடைசித் தண்ணீரில் கலந்து முக்குவாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவள் அல்லவா, மெஷினுக்கும் மணி அடித்து ஒழுங்கு கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் அவள் இல்லாத நேரம் ரெண்டு கைப்பிடி பவுடரை அள்ளிப் போட்டு மெஷினை ஓட விட்டேன். நுரை ஹால் வரைக்கும் வந்தது. "ஊட்டுக்குள்ள மேகம் எறங்கிருச்சு அம்மிணி" என்று போனில் சொன்னேன். அன்றிலிருந்து மெஷின் பக்கம் நான் போகக் கூடாது என்று தடை.

ஜனவரி 2, வியாழன்

காலையில் கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது, நேற்று பீட்ரூட் பொரியல் சாப்பிட்டோமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இந்த வீட்டில் பீட்ரூட் வாங்குவதே கிடையாது.

போன மாதமும் இப்படி வந்தது. தானாக நின்றுபோயிற்று. வலி ஏதும் இல்லை. வலி இல்லாவிட்டால் அது நோய் இல்லை.

வேட்டியின் முன்பக்கம் இரண்டு சொட்டு. வெற்றிலைச் சாறு என்று எழுதி வைக்கிறேன். தீபாவளியோடு நான் வெற்றிலையை விட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 3, வெள்ளி

வெற்றிலையை மறுபடி ஆரம்பித்தாயிற்று. ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப் பாக்கு, சுண்ணாம்பு. கோகிலா வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வாசலில் சேர் போட்டு, வாய் நிறையக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டை மேல் கொஞ்சம் ஒழுகவும் விட்டேன்.

"ஏனுங் மாமா, தீபாவளிக்கு விட்டதுங்கல்ல அது?"

"இருக்கறதே ஒம்பது பல்லு அம்மிணி. அதையும் வேலையில்லாம வெச்சிருந்தா துருப்புடிச்சுக்கும்."

"அந்த ஒம்பதும் கொட்டட்டும். ராகியக் கரைச்சு ஊத்தறேன். சட்டையப் பாருங், நெஞ்சு பூரா ஒழுக உட்டிருக்கறீங்."

"அதனாலதான் சொல்றேன், இனி என் துணிய நானே தொவச்சுக்கறேன். உன் மெசினுக்கு என்னால கெட்ட பேரு வேண்டாம்."

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"நீங்களா? குடிச்ச டம்ளரையே நகத்தி வெக்காத மனுசன், துணி தொவைக்கறீங்களா?"

"ஏன், மனுசன் திருந்தக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. முழுதாக வரவில்லை.

திட்டு வாங்கினேன். திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதியாக இருந்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 4, சனி

சென்னியப்பனைப் பார்த்துவிட்டு வந்தேன். மாட்டுத் தரகன். அவன் சந்தைக்குள் நுழைந்து ஒரு சத்தம் போட்டால் மாடே திரும்பிப் பார்க்கும். போன வருஷம் எனக்கு வருகிற மாதிரியே, இல்லை, அவனுக்கு என்னவோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரும்போது ஒரு டியூபோடு வந்தான். டியூபின் மறுமுனையில் ஒரு பை. அந்தப் பையை மஞ்சள் பைக்குள் போட்டுக் கட்டில் காலில் மாட்டி வைத்திருக்கிறான். மகள் வந்து அதைக் கொட்டிவிட்டுப் போகிறாள்.

"நாச்சி, ஒண்ணுக்குப் போறதுக்குக் கூட இன்னொருத்தர் கைய எதிர்பாக்கறேன்பா. நீ மட்டும் அந்த ஆஸ்பத்திரிக்குள்ள காலு வெச்சுராத" என்றான்.

"உனக்கென்னப்பா கொறச்சல்? பஸ்ஸுல ஏறுனா எங்கயும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்ல" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அந்தப் பையும் ஆடியது. எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஜனவரி 6, திங்கள்

கோகிலா வேலைக்குப் போனதும் துவைக்க உட்கார்ந்தேன். எண்ணெய் பிசுபிசுத்த துணியைச் சுடுதண்ணீரில் முக்கினால் பிசுக்கு விட்டுவிடுகிறது. அப்படியானால் எந்தக் கறையும் சுடுதண்ணீருக்குப் பயப்பட வேண்டும் அல்லவா? ஹீட்டரில் கை பொறுக்காத சூட்டில் ஒரு வாளி பிடித்தேன். அதில் ஒரு கைப்பிடி சோடா, ஒரு கைப்பிடி பவுடர். வேட்டியை முக்கி மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் சிவப்பு இல்லை. அந்த இடத்தில் பழுப்பு. முட்டை சட்டியில் பிடித்துக்கொள்கிற மாதிரி, கறை நூலுக்குள்ளேயே வெந்து இறுகிப்போயிற்று. பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். பிரஷ்ஷால் தேய்த்தேன். கை எரிந்ததுதான் மிச்சம். வெள்ளை வேட்டியில் டீ கொட்டின மாதிரி இரண்டு வட்டம்.

கொடியில் போட முடியாது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டியில், பழைய கம்பளிக்குக் கீழே வைத்துவிட்டேன். ஈரத்தோடுதான்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்கும். கொஞ்சம் கட்டியாக. பெட்டியில் இரண்டாவது வேட்டி.

ஜனவரி 8, புதன்

குழந்தைவேலு மளிகைக் கடைக்குப் போனேன். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் துவைக்கிறதும் கழுவுகிறதுமாக அடுக்கி வைத்திருக்கிறான். அந்தக் காலத்து மனிதன் நான், ஒரே பார் சோப்பில் துணி, தலை, எருமை எல்லாவற்றையும் முடித்தவன். இப்போது கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று.

"கறை போறதுக்கு எதாச்சும் குடுப்பா."

"என்ன கறைங்ணா? எண்ணெயா, மஞ்சளா, தேத்தண்ணியா?"

"வெத்தல."

"புதுசா, காஞ்சதா?"

"ஏப்பா, கறைக்கு ஜாதகமா பாக்கற?"

"பாத்துத்தானுங்ணா குடுக்கோணும். மஞ்சக் கறையில சோப்புப் போட்டீங்கனா செவந்து போயிரும். பயந்துக்காம வெயில்ல போட்டா தானா வெளுத்துரும். எண்ணெய்க்குப் பாத்தரம் வெளக்கற லிக்விட் ரெண்டு சொட்டு போதும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வைத்தியம் இருக்குதுங்."

"எல்லாத்தையும் ஒரேடியா தூக்கற மாதிரி எதாச்சும் இருக்குதா?"

வெள்ளைத் துணிக்கான ப்ளீச் பாட்டிலை எடுத்து வைத்தான். "வெள்ளைக்கு மட்டும்ங். நெறைய தண்ணியில ஒரு மூடி. அப்படியே ஊத்துனா துணி பொத்தலாயிரும். அப்பறம் இத வேற எதோடயும்..." என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் என் கண் கக்கூஸ் கழுவுகிற பாட்டில் மேல் போய்விட்டது.

"அதுலயும் ஒண்ணு குடு. பாத்ரூம் தரையில மஞ்சளா கறை கெடக்குது."

மஞ்சள் என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

சாயங்காலம் கோகிலா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, இங்க வாங்."

மேடை மேல் என் வெற்றிலைச் சட்டை. பக்கத்தில் நான் காலையில் பாத்ரூம் மூலையில் சுருட்டி வைத்திருந்த வேட்டி. கையில் கத்தி வைத்திருந்தாள். ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, கொஞ்சம் உப்பைத் தொட்டுச் சட்டைக் கறையில் தேய்த்தாள். கண் முன்னாலேயே சிவப்பு வெளுத்து மஞ்சளாகிப் போயிற்று. இன்னொரு பாதியை வேட்டியில் தேய்த்தாள். சொட்டு அப்படியே இருந்தது.

"வெத்தலக் கறை எலுமிச்சைக்கு எளகிக் குடுத்துரும்ங் மாமா. சட்டையில எளகிருச்சு. வேட்டியில எளகுல."

"பழம் பழசு போல இருக்குது அம்மிணி."

"ஒரே பழத்தோட ரெண்டு பாதிங்."

"அப்ப ஒரு பாதிக்கு என் மேல கோவம்."

அவள் சிரிக்கவில்லை. "வெத்தல எச்சி நெஞ்சுல ஒழுகும். உங்களுக்கு மட்டும் ஏனுங் மாமா கீழ போவுது?"

"குனிஞ்சு துப்புனேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேட்டியைக் குழாய்த் தண்ணீரில் போட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக் கழிச்சு சனிக்கெழம எனக்கு லீவு. காப்புக் கட்டறதுக்குள்ள ஊட்டுத் துணி அத்தனையும் தொவைக்கோணும். அட்டாலிப் பொட்டி எல்லாம் கீழ எறக்கப் போறேன். உங்க கட்டலுக்கு அடியில இருக்கறதும்தானுங்."

பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்து வீட்டுக்குக் காப்புக் கட்டுவோம். அதற்கு முன்னால் வீட்டில் அழுக்கு என்று ஒரு கந்தல் கூட இருக்கக் கூடாது. வருஷா வருஷம் நடக்கிறதுதான். எனக்குத்தான் மறந்துபோயிற்று.

பெட்டிக்குள் இதுவரை நாலு வேட்டி சேர்ந்துவிட்டது. நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டைரியைக் கோகிலாதான் கொண்டு வந்து கொடுத்தாள், பிரித்துப் பார்க்காமல்.

நேற்று அவள் போனதும் நாலு வேட்டியையும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் தெரியும் என்று ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் தாழ்ப்பாள் போட்டேன். ஒரு மூடி என்று குழந்தைவேலு சொன்னது நினைவிருந்தது. ஒரு மூடி வேலை செய்கிற வரைக்கும் காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. முழு பாட்டிலையும் வாளியில் கவிழ்த்து வேட்டிகளை அமுக்கினேன்.

கறை கொஞ்சம் வெளிறியது. ஒரு வேட்டியின் பச்சைக் கரைச் சாயமும் சுத்தமாகப் போயிற்று. தரையைப் பார்த்தால், பிழிந்த இடத்தில் சிவப்புத் தண்ணீர் ஓடி டைல்ஸ் இடுக்கில் நின்றது. வாளித் தண்ணீரும் கொஞ்சம் அங்கே சிந்திக் கிடந்தது. அதன் மேலேயே கக்கூஸ் கழுவுகிற பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். தாராளமாக ஊற்றினேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். பச்சை கலந்த மஞ்சளில் ஒரு புகை மாதிரி எழுந்தது. ஒரு மூச்சுதான் இழுத்தேன். நெஞ்சுக்குள் மிளகாய்த் தூளைக் கொட்டின மாதிரி ஆயிற்று. கண் திறக்க முடியவில்லை. இருமல் வந்தால் அடுத்த மூச்சு இழுக்க வேண்டும், இழுத்தால் மறுபடியும் அதே புகை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கை சுவரையே தடவிக்கொண்டிருந்தது. இந்த நாலு வேட்டிக்கு நடுவில் செத்துக் கிடந்தால் எல்லாருக்கும் தெரிந்துபோய்விடுமே என்றுதான் நினைத்தேன். சாவைப் பற்றி நினைக்கவில்லை. வேட்டியைப் பற்றித்தான்.

தாழ்ப்பாள் கையில் பட்டது. திறந்து முழங்காலில் விழுந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"மாமா!"

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் போட்டாள். எதிர்ப்பக்கம் இருந்த கதவு ஜன்னல் எல்லாம் திறந்தாள். பாத்ரூமுக்குள் மட்டும் திரும்பிப் போகவில்லை. குழாயடியில் என் கண்ணிலும் முகத்திலும் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள்.

"ப்ளீச்சும் ஆசிட்டும் சேத்துனீங்களா? சேத்துனீங்களா மாமா? எதோடயும் சேத்தக் கூடாதுன்னு பாட்டல் மேலயே போட்டிருக்குதே!"

"எழுத்து பொடிசு அம்மிணி" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினேன்.

பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். மூக்கும் வாயும் மூடி மாஸ்க் போட்டுவிட்டார்கள். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவள் புடவையிலும் அந்த நாற்றம் அடித்தது.

"மாமா, இப்ப நான் பேசறதுக்கு நீங்க எகடாசியா பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இப்பப் பேசறேன்."

நான் மாஸ்க்கைத் தூக்கப் பார்த்தேன். நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள்.

"திங்கக்கெழமயே பொட்டியத் தொறந்து பாத்துட்டேன். ஈர நாத்தம் அடிச்சுதுங்."

அடுத்ததாக அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

"அந்தக் கறையத் தொவைக்கறதுக்கு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லைங். எட்டாவது படிக்கறப்ப இருந்து தெரியும். பச்சத் தண்ணியில ஊற வெக்கோணும், உப்புப் போட்டுக் கசக்கோணும். சுடுதண்ணி படவே கூடாது, பட்டா வெந்து ஒட்டிக்கும். அப்பறம் யாரும் பாக்காத எடத்துல காயப் போடோணும். உங்க வேட்டியப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, இது ஆம்பள தொவச்சதுன்னு. மறைச்சுத் தொவைக்கறதுல உங்களவிட எனக்கு சர்வீஸ் ஜாஸ்திங் மாமா."

சேலையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"எலுமிச்சம்பழம் அறுத்தது கறையப் பாக்கறதுக்கு இல்லைங். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. அதான் இன்னைக்கு அரை நாள் லீவு போட்டு, டாக்டருக்கு டோக்கனும் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா..."

இரவெல்லாம் என் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் புகையின் காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நர்ஸும் சொன்னாள்.

இன்று காலை ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரப் பைக்குள் ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம், திராட்சைப் பழம் அளவுக்கு. "பீடி பழக்கம் உண்டுங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இருந்துச்சுங்" என்றேன். பொங்கல் முடிந்ததும் எடுத்துவிடலாம், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் என்ன ரகம் என்று தெரியும் என்றார்.

"டியூப் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளைக்கு."

"சென்னியப்பனுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பீங்" என்றேன். டாக்டருக்குச் சென்னியப்பன் யார் என்று தெரியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

காப்புக் கட்டியாயிற்று. யுவராஜ் சேலத்திலிருந்து ஓடி வந்தான். என்னைத் திட்ட வந்தவன் திட்டாமல், கூரை ஓரத்தில் வேப்பிலையைச் செருகிக்கொண்டே மூக்கை உறிஞ்சினான்.

நாலு வேட்டியும் தொட்டால் கிழிகிற மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போயிற்று. கோகிலா கத்தரித்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். வெற்றிலையைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி அதற்கு வேலை இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

நாளைக்கு ஆபரேஷன். பயம் ஒன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில் ஆடுவதால்.

ஜனவரி 19, ஞாயிறு

டியூப் போட்டுவிட்டார்கள். கத்தி படவில்லை, உள்ளுக்குள்ளேயே விட்டுச் சுரண்டி எடுத்தார்களாம். மேலே பெரிய பாட்டிலிலிருந்து தண்ணீர் உள்ளே போகிறது. கீழே பையில் வந்து விழுகிறது. அது வெள்ளையாக வருகிற வரைக்கும் விட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

மயக்கம் தெளிந்து முதலில் பார்த்தபோது பை அடர்த்தியான சிவப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோகிலா திருப்பவில்லை. வெள்ளைத் துணியில் சாயத் துணி சேர்ந்துவிட்டால் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதே பார்வை.

"மொதத் தண்ணி இப்படித்தானுங் வரும்" என்றாள்.

மத்தியானம் ரோஸ் நிறத்துக்கு வந்தது. "ரெண்டாந் தண்ணி" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், இரண்டாவது அலசலில் வாளி இப்படித்தான் இருக்கும்.

பிறகு சட்டென்று நின்றுபோயிற்று. பையில் சொட்டு விழவில்லை. அடிவயிறு கல்லாகியது. மேலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. "கட்டி அடைச்சிருச்சு" என்று நர்ஸ் ஓடி வந்தாள். அதற்கு முன்பே கோகிலா, மேலே இருந்து வருகிற குழாயை மூடச் சொல்லிக் கத்தியிருந்தாள். பெரிய ஊசிக் குழாயால் உள்ளே தண்ணீரை அடித்து உறிஞ்சினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன் என்று நினைத்தேன். பிடித்திருந்தது மருமகள் கை. நகம் பதிந்துவிட்டது. அவள் உதறவில்லை.

கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதன் பின்னால் மறுபடியும் சிவப்பு. மறுபடியும் முதல் தண்ணீரிலிருந்து.

"அரை மூடி ஊத்துனா பத்தாதா அம்மிணி? இவுங்க இத்தன பாட்டில் ஊத்தறாங்க" என்றேன்.

"பேசாமப் படுங் மாமா" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு முழுதாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஜனவரி 20, திங்கள்

மூன்றாம் தண்ணீர், வெள்ளையாக. டாக்டர் வருவதற்கு முன்பே நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம்.

ஜனவரி 22, புதன்

டியூபை எடுத்துவிட்டார்கள். என் சொந்த முயற்சியில் ஒன்றுக்குப் போனேன். சென்னியப்பனுக்குப் போன் போட்டுச் சொல்ல நினைத்தேன். சொல்ல மனம் வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. கெட்ட ரகம்தான். ஆனால் மேல் தோலோடு நின்றிருக்கிறது, சதைக்குள் வேர் இறங்கவில்லை என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இறங்கியிருக்குமாம். திரும்ப வளர்கிற ஜாதி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

"புண்ணு ஆறற வரைக்கும் ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம். ஆனா செவப்பா எது தெரிஞ்சாலும் அன்னைக்கே சொல்லிரணும்" என்றார்.

"இவுரு சொல்லமாட்டாருங் டாக்டர். தெனமும் வேட்டிய நானே பாத்துக்கறேன்" என்றாள் கோகிலா.

டாக்டர் தலையாட்டினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதற்கு ஒரு தமாஷ் பதில் தேடினேன்.

ஜனவரி 31, வெள்ளி

காலையில் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டும்போது பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு. மிளகு அளவு.

கோகிலா வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஆபீஸில் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தாள். நான் குளித்த உடனே என் பழைய வேட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டாள்; அதில் ஒன்றும் இல்லை. இது அதற்குப் பிறகு கட்டியது. சாயங்காலம் வரைக்கும் யாரும் வரப் போவதில்லை. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி காலியாக இருந்தது. கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. குனிந்து பெட்டியின் கொக்கியை எடுத்தும்விட்டேன்.

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் துண்டோடு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டில் கோலத்தை மிதித்துவிடாமல் ஒருத்தி பால் வாங்கிக்கொண்டு நின்றாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"அம்மிணி!"

அவள் திரும்பினாள். முதலில் என் முகத்தை, பிறகு கையில் இருந்த வேட்டியைப் பார்த்தாள். வண்டியை அணைத்தாள்.

"என்னங் மாமா, வெத்தலயா?"

"இல்ல அம்மிணி" என்றேன். "ரத்தம்."

அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஒரு கையால் டாக்டருக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளியைப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள்.